சாம்பல் காத்த ரொட்டி

ஒரு நாட்டின் பழமையை அறிய விரும்புவோர் அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் மட்டும் கண்டு திரும்புதல் போதாது. அந்நாட்டு மக்கள் எதனை உண்டனர், அவ்வுணவை ஆக்கியவர் யாவர் என்றும் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு நேரே விடையிறுக்கும் ஊர், இத்தாலி நாட்டின் பாம்ப்பி நகரம்.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. கல்லும் சாம்பலும் மழையாய்ப் பொழிந்து, பாம்ப்பியையும் அதன் அண்டையிலிருந்த எர்க்குலேனியத்தையும் மூடின. 1748இல் பாம்ப்பியில் அகழ்வு தொடங்கியது. இன்று அங்குச் செல்வோர், வண்டிச் சக்கரங்களின் தடம் பதிந்த கற்றெருக்களில் நடந்து செல்லலாம். தெருவோரங்களில் உணவுக் கடைகள் பல உள. அவற்றின் மேடைகளில் பெரிய மண்சாடிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2020இல் முழுமையாக வெளிப்பட்ட ஒரு கடையின் சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. வீட்டில் அடுப்பு வைக்க இடமில்லாத எளியவர்கள் பலர் இத்தகைய கடைகளிலேயே பசியாறினர்.

1862இல் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பைத் திறந்தபோது, கரியாகிப் போன 81 ரொட்டிகள் உள்ளே இருந்தன! எர்க்குலேனியத்தில் கிடைத்த மற்றொரு ரொட்டியில் ஒரு முத்திரை காணப்படுகிறது. 'குவிண்டஸ் கிரானியஸ் வெருஸ் என்பாரின் அடிமையாகிய செலெர்' என்பது அதன் பொருள். பேரரசர்களின் பெயர்கள் கல்லில் நின்றன. ஓர் அடிமையின் பெயர் ரொட்டியில் நின்றது. 2023இல் பாம்ப்பியில் வெளிப்பட்ட மாவரைக்கும் கூடமொன்றில், சன்னல்கள் சிறியனவாய், இரும்புக் கம்பிகள் இடப்பட்டிருந்தன. கழுதைகளும் அடிமைகளும் அங்கு அடைபட்டு உழைத்தனர் என்பர் ஆய்வாளர். ரோமரின் பெருமையைப் பேசுவோர் அவ்விருட்டறையையும் மறத்தலாகாது.

உரோமர் உணவுக்கும் தமிழகத்துக்கும் உறவுண்டு. அவர்கள் பெரிதும் விரும்பிய மிளகு, சேரரின் முசிறித் துறையிலிருந்து கப்பலேறியது. யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு குறிக்கின்றது. இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகிறதென்று வருந்தி எழுதினார் மூத்த பிளினி. அவ்வறிஞர் உயிர் நீத்ததும் இதே எரிமலையின் சீற்றத்திலேயே.

பாம்ப்பி மக்கள் உணவில் சேர்த்துக்கொண்ட மீன்சாற்றுக்குக் 'காரும்' என்று பெயர். அதனை நினைவூட்டும் ஒரு சாற்றை, அமால்பிக் கரையிலுள்ள செட்டாரா என்னும் சிற்றூரில் இன்றும் சுவைக்கலாம். சிறு மீன்களை உப்பிட்டு மரத்தொட்டிகளில் அடுக்கிப் பாரம் ஏற்றி, வடியும் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். ஆயின் நேப்பிள்ஸ் நகரின் புகழ்பெற்ற பீட்சாவில் பூசப்படும் தக்காளியைப் பாம்ப்பி மக்கள் கண்டதில்லை. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பின்னரே அமெரிக்காவிலிருந்து அது ஐரோப்பாவை அடைந்தது. நம் குழம்பிலிடும் மிளகாயும் அவ்வாறு வந்ததே. தொன்றுதொட்டது என்று நாம் எண்ணும் உணவு, பல வேளைகளில் தொலைவிலிருந்து வந்த விருந்தாளியாக இருக்கின்றது.

மாணவர்களே, பிற நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கோபுரங்களை அண்ணாந்து பாருங்கள். அடுப்புகளையும் குனிந்து பாருங்கள். உண்டவர் வரலாறு ஏடுகளில் நிறைய உண்டு. சமைத்தவர் வரலாற்றை நீங்கள்தாம் தேடிக் காணவேண்டும்.