‘அவர்’ என்னும் சொல்லும் வட்டார வழக்கும்

தமிழும் கன்னடமும் நெடுங்காலமாக அடுத்தடுத்து வழங்கிவரும் ஊர் தொம்மலூர். இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளே இதற்குச் சான்று. இவ்விரு மொழிகளையும் நாள்தோறும் கேட்கும் நமக்கு ஒரு வேறுபாடு புலப்படும். கன்னடத்தார் மதிப்பிற்குரிய ஆடவரையும் ‘அவரு’ என்பர். பெண்டிரையும் ‘அவரு’ என்பர். தமிழகப் பேச்சிலோ ‘அவரு’ என்றால் பெரும்பாலும் ஆடவரே. பெண்மணியை ‘அவங்க’ என்கிறோம். இஃது எங்ஙனம் நேர்ந்தது?

தொல்காப்பியத்தில் ‘அவர்’ பலர்பாற் சொல், இருபாலார்க்கும் பொது. ஒருவரை உயர்வு கருதிப் பன்மையாற் கூறுதல் வழக்கில் உள்ளதேயன்றி இலக்கண நெறியன்று என்று கிளவியாக்கம் வரையறுக்கிறது. ஆகவே, மரியாதைப் பன்மை மக்கள் நாவில் பிறந்ததே. காலப்போக்கில் ‘அவர்’ ஒருமைக்கு வர, ‘அவர்கள்’ பன்மைக்கும் மிகு மதிப்பிற்கும் உரியதாயிற்று. அதுவே பேச்சில் ‘அவங்க’ எனத் திரிந்தது. எழுத்துத் தமிழில் ‘அவர்’ இன்றும் இருபாற்பொதுவே.

இதன் விளைவை நோக்குவோம். ஆடவர்க்கு ‘அவன்’, ‘அவரு’, ‘அவங்க’ என மூன்று படிகள். பெண்டிர்க்கு ‘அவ’, ‘அவங்க’ என இரண்டே. அலுவலகத்தில் நம்மோடு ஒத்த நிலையில் பணிபுரியும் ஆடவரைச் சுட்ட நடுப்படி உண்டு. பெண்ணைச் சுட்ட அஃது இல்லை.

யாழ்ப்பாண வழக்கு அப்படியை ஆக்கிக்கொண்டது. ஆங்கே ‘அவள்’ மதிப்பின்மை; ‘அவ’ மதிப்பு. தமிழகத்திலோ ‘அவ’ என்பது ‘அவள்’ என்பதன் தேய்வே. 1983-ஆம் ஆண்டு வன்முறைக்குப்பின் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்த ஈழத்துச் சிறுமி ஒருத்தி, தன் ஆசிரியையை ‘அவ’ எனப் பணிவோடு குறித்தாலும், அது நம் செவிக்குத் துடுக்காகவே படும். ‘வாங்கோ’ என்பதும் அத்தகையதே. யாழ்ப்பாணத்தில் அஃது எல்லார்க்கும் பொது. சென்னையில் அந்தணர் பேச்சு எனக் கொள்ளப்படும். ஒரே சொல் கடல் கடந்ததும் சாதி அடையாளம் பெற்றுவிடுகிறது!

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் வடகிழக்கு வட்டாரத்தில் முதிய பெண்டிரும் தம்மை ‘ஒரே’ என்று சுட்டுவதுண்டு. தோக்கியோவில் அஃது ஆடவர்க்குரிய முரட்டுச் சொல். அம்மூதாட்டியரிடம் ஆண்மையும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. கேட்போர் செவியிலேயே அவை உள்ளன.

பல வட்டாரத் தமிழரும் ஒன்றுகூடி வாழும் பெங்களூரில் இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது. ஒருவர் பேச்சைக் கொண்டு அவர்தம் பண்பையும் குலத்தையும் தீர்மானிக்குமுன், அச்சொல் அவர் ஊரில் என்ன பொருள் தரும் என வினவி அறிவோமாக. தமிழர் தமிழர்க்குச் செய்யும் முதல் மரியாதை அதுவேயாம்.