பூனைக்காலி விதையும் அரசுப் பணமும்: நரம்பு நோய் மருந்துகளின் இந்திய வரலாறு

இந்தியாவில் மருத்துவ ஆய்வுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கவென்றே 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அமைந்தது. 1949இல் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது. ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போன மலேரியா, காலரா, பிளேக் ஆகியவற்றுக்கே அன்று முதலிடம். நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்), வலிப்பு, மனநோய் ஆகியவற்றின் பக்கம் இந்திய ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் மூலிகைகளின் வழியாக. அதற்கான சூழல் உருவான இடங்களுள் சென்னையும் ஒன்று. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கியது. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார்.

நரம்பு நோய் மருந்துகளின் வரலாற்றில் சென்னைக்கு உரிய பெரிய பங்கு 1937இல் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதை லண்டனின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். பூனைக்காலி வேலியோரம் படரும் கொடி. காயின் மேலுள்ள பழுப்புச் சுணை உடம்பில் பட்டால் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். உள்ளே இருக்கும் விதையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 பங்கு எல்-டோபா. கரைசலில் காற்றுப் பட்டால் கருத்துப்போகும் பொருள் இது. சிதையாமல் தூய நிலையில் எடுப்பதற்குக் கைத்திறன் வேண்டும். தாமோதரன் இத்தகைய வேலையில் தேர்ந்தவர். 1932இல் இங்கிலாந்தில் ஒரு புரதத்தைச் செரிக்கவைத்து அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்துக் காட்டியவர் அவர்.

எல்-டோபா உடலில் என்ன செய்கிறது என்பது 1937இல் யாருக்கும் தெரியாது. சுவிட்சர்லாந்தின் குகன்ஹைம் 1913இலேயே அவரை வகைப் பயறு ஒன்றிலிருந்து அதை எடுத்திருந்தார். அதற்கு மருத்துவப் பயன் இல்லை என்றே கருதப்பட்டது. உடலில் அது டோபமீன் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது என்பதற்கான தடயமே 1938இல்தான் ஜெர்மனியில் கிடைத்தது.

இதே காலத்தில் சர்ப்பகந்தி என்னும் மூலிகையும் ஆய்வகத்துக்குள் வந்தது. சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931இல் டெல்லி திப்பியா கல்லூரியில் அதன் வேரிலிருந்து அஜ்மலின் முதலான பொருள்களைப் பிரித்தார். அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அந்த வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். ஆனால் அதன் முக்கிய வேதிப்பொருளான ரெசர்பினை 1952இல் பிரித்து மாத்திரையாக்கியது சுவிஸ் நிறுவனமான சிபா.

இரண்டு மூலிகைகளின் பொருள்களும் 1957இல் சுவீடனில் ஒரே சோதனையில் சேர்ந்தன. அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பின்பு டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. டோபமீன் குறைந்தால் உடல் இயக்கம் முடங்கும் என்ற கருத்துக்கு அது வழிவகுத்தது. மூளையின் அடிப்பகுதி முடிச்சுகளில் டோபமீன் குறைவதே பார்க்கின்சன் நோயின் அடையாளம் என்று 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் காட்டினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

டோபாவை உதவும் மருந்தாக்கியவர் ஜார்ஜ் கோட்சியாஸ். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பணத்தில் நடந்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அவர் வேலை செய்தார். சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் மாங்கனீசு நச்சு நோயை ஆராய்ந்தவர் அவர். அதன் அறிகுறிகள் நடுக்குவாதத்தை ஒத்திருந்தன. டோபாவின் அளவைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்தால் நோயாளிகள் தேறுவதை 1967இல் அறிவித்தார். பின்னாளில் கார்பிடோபா என்னும் துணை மருந்து சேர்ந்து, குமட்டல் குறைந்து, மருந்தின் அளவும் குறைந்தது. இக்கூட்டு மருந்து இன்றும் பார்க்கின்சன் சிகிச்சையின் அடித்தளம். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் அரசே ஆய்வகங்களைக் கட்டியது. 1951இல் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. மனச்சிதைவுக்கான சென்ட்புட்டிண்டோல் அங்கே உருவானது. நீர்ப்பிரமி மூலிகையின் பாக்கோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் குறித்து அங்கே நடந்த நீண்ட ஆய்வு, 1990களில் 'மெமரி ப்ளஸ்' என்னும் நினைவாற்றல் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் தோன்றினார். பாரம்பரிய மருத்துவத்துக்காக 1969இல் அமைந்த மத்திய ஆராய்ச்சிக் குழு 1978இல் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தது. அவற்றுள் ஆயுர்வேதக் குழுவின் 'ஆயுஷ் 56', ஆராக்கீரையையும் சடாமாஞ்சிலையும் சேர்த்து வலிப்புக்காக உருவாக்கப்பட்டது. சீனிவாசமூர்த்தியின் பெயரில் இக்குழுவின் ஆய்வு நிலையம் ஒன்று சென்னை அரும்பாக்கத்தில் இயங்குகிறது.

இந்த வரலாற்றில் ஆரம்பக் கண்டுபிடிப்புக்குப் பொதுப்பணம் கிடைத்தது. நெடிய, செலவு மிகுந்த மருத்துவச் சோதனைகளுக்கு அது போதவில்லை. மூளை மருந்துகளில் இந்த இடைவெளி மேலும் பெரிது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பெரும்பாலான வேதிப்பொருள்களை உள்ளே விடுவதில்லை. மனச்சோர்வையோ மறதி நோயையோ எலியிடம் முழுமையாக உருவாக்கிப் பார்க்கவும் முடியாது. மெல்ல முற்றும் நோய் என்பதால் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். தனியார் நிறுவனங்கள் தயங்குகிற இந்த இடத்தில்தான் அரசின் பணம் தேவைப்படுகிறது.

இந்தக் குறையை நிரப்ப, அரசு ஆய்வகங்களையும் மருந்து நிறுவனங்களையும் இணைக்கும் மருந்தாய்வுத் திட்டத்தை அறிவியல் தொழில்நுட்பத் துறை 1994இல் தொடங்கியது. மருந்து, மருத்துவக் கருவி ஆய்வுக்கு 5,000 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. அது நரம்பு நோய்களுக்கு மட்டுமானதல்ல. தொற்றுநோய், புற்றுநோய் ஆய்வுகளும் அதே நிதியை நாடும். அதில் மூளை மருந்துகளுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதோடு, ஆய்வகத்திலிருந்து நோயாளி வரையான முழு வழிக்கும் பணம் தொடர்ந்து வருகிறதா என்பதும் முக்கியம்.