அணுவின் சரித்திரம்: மலைமேல் வைத்த தகடுகள்

இலேசான அணுக்கருக்களுக்குள் பையான் ஒளிந்திருக்கிறதா என்று எலக்ட்ரான்களை ஏவிப் பார்த்த வர்ஜீனியா ஆராய்ச்சியை இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். கருவைக் கட்டிவைக்கும் விசைக்கு வாகனமாக ஒரு துகள் வேண்டுமென்று 1935-இல் பௌதிக அறிஞர் யுகாவா அனுமானித்தார்; அத்துகளே பையான். வர்ஜீனியாவுக்குப் போகுமுன், அதன் தடத்தை நம் தேசத்து மலைகளிலே தேடிய விபா சௌதுரி என்ற அம்மையாரிடம் வருகிறேன்.

1936-இல் கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்ற இவர், தம் ஆசான் தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங்கிலும், அதற்கும் மேலே சுமார் 12,000 அடி உயரத்தில் பனிக்காற்று அறையும் சந்தக்பூவிலும் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்திருந்து, காஸ்மிக் கதிர்கள் அவற்றில் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் அளந்து, எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு நிறையுள்ள துகள்கள் உண்டென்று 'நேச்சர்' சஞ்சிகையில் பிரசுரித்தார். சாதாரண மலை ஒன்றின்மீது ஏறினாலே, வயல்வெளியில் விழுவதைவிட அதிகமாக இக்கதிர்கள் விழும்; இமயச் சாரலைப்பற்றிச் சொல்ல வேண்டுமா?

அவர்களுக்கு வாய்த்த தகடுகள் தரத்தில் குறைந்தவை. உயர்ந்தவை யுத்தகாலத்தில் கிட்டவில்லை. 1947-இல் பிரிஸ்டலில் ஸெஸில் பவலும் சகாக்களும், மேலான ரசாயனப் பூச்சுள்ள தகடுகளில், ஒரு துகள் நின்றுபோய் இன்னொன்றைப் பிறப்பிப்பதைக் கண்டார்கள்: முதலாவது எலக்ட்ரானைவிட 273 மடங்கு கனத்த பையான், மற்றது 207 மடங்கு கனத்த மியூவான். இவ்விரண்டையும் பிரித்தறியக் கல்கத்தாத் தகடுகளுக்குச் சக்தி போதவில்லை. 1950-இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்ததை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன், கண்டுபிடிப்பு அவருடையதே. ஆனால், வழியின் முதற்பாதியை வெட்டியவரை அவர் பிறந்த தேசமே ஏறெடுத்துப் பாராதிருந்ததை எப்படி மன்னிப்பது? 1991-இல் சௌதுரி காலமானார். ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதோ 2019-இல்.

தொடக்கத்தில் சொன்ன வர்ஜீனியா ஆராய்ச்சியை விரித்துரைக்க இனி இடமில்லை. ஹைட்ரஜன், டியூட்டீரியம், ஹீலியம்-3 ஆகியவற்றின்மேல் எலக்ட்ரான்களை மோதவிட்டு, வெளிப்படும் பையான்களை ஒப்பிடுவதே அங்கே கையாண்ட உபாயம். கருவுக்குள் பையான்கள் மிகுந்திருக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்பை 1990-இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் சோதனை ஏற்கெனவே அசைத்திருந்தது. மீதி அடுத்த இதழில்.