மதக்குறியா? மனிதக்குறியா?

வெள்ளைத் துணி, அதன் நடுவே சிவப்புச் சிலுவை. மருத்துவர் வண்டியிலும் மருந்துக்கடைப் பலகையிலும் கண்டு பழகிவிட்ட நாம், அதை மருத்துவத்தின் அடையாளம் என்று எண்ணிவிட்டோம். மதத்தின் அடையாளம் என்போரும் உண்டு. இரண்டும் அன்று! அது ஓர் ஒப்பந்தத்தின் அடையாளம். குருதிக் களத்திலே கருக்கொண்ட ஒப்பந்தம்.

1859, ஜூன் 24. இத்தாலியில், சோல்பெரினோ என்னும் ஊர். ஒருபுறம் ஆஸ்திரியப் படை. மறுபுறம் பிரெஞ்சு, சார்டீனியப் படைகள். மன்னர் மூவர் முன்னின்று நடத்திய போரிலே, மாண்டோரும் புண்பட்டோருமாக வீழ்ந்தவர் ஏறத்தாழ 40,000 பேர். தன் தொழில் அலுவலாக அங்கு வந்த ஜெனீவா நகரத்தவர் ஹென்றி டூனாண்ட் அதைக் கண்டார், கலங்கினார். அண்டையிலிருந்த காஸ்டிக்லியோன் ஊரில், நண்பன் யார், பகைவன் யார் என்று பாராமல் புண் கழுவிய பெண்களோடு சேர்ந்து தாமும் தொண்டாற்றினார். கண்டதை 1862இல் நூலாக்கினார்.

அந்நாளில் மருத்துவப் படைக்கு நாட்டுக்கொரு நிறத்தில் கொடி. பகைவனுக்கு அது புரியாது. புரியாததால் மருத்துவனும் குண்டுக்கு இரையானான். எனவே 1863இல் ஜெனீவாவில் கூடியோர், எல்லா நாட்டுக்கும் ஒரே குறி என்று முடிவு செய்தனர். 1864இல் 12 அரசுகள் அதை ஒப்பந்தமாக்கின.

ஆனால், வடிவம் சிலுவையாயிற்றே! 1876இல், ரஷ்யாவோடு போர் மூளவிருந்த வேளையில், துருக்கி அரசு தன் படைவீரரின் மத உணர்வைக் காட்டிச் செம்பிறையை ஏந்தியது. சுவிட்சர்லாந்துக்குப் பெருமை செய்யவே அந்நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தோம் என்று 1906ஆம் ஆண்டு ஒப்பந்தம் விளக்கம் தந்தது. விளக்கம் நன்றே. எனினும், அந்தச் சுவிஸ் கொடியிலே சிலுவை ஏறியது கிறித்துவப் பற்றினால் அல்லவா? ஐயம் அகலவில்லை. 1929இல் செம்பிறையும், பாரசீகத்தின் செஞ்சிங்கமும் ஞாயிறும் ஏற்கப்பட்டன. தாவீதின் செந்நட்சத்திரத்தை இஸ்ரேல் கேட்டது, 1949இல் மறுக்கப்பட்டது. புண்பட்டவனைக் காக்கப் பிறந்த குறியை, ஆளுக்கொரு மதம் பங்கு கேட்கும் நிலை!

இறுதியில், 2005இல், எந்த மதத்துக்கும் உரிமையில்லாத வடிவம் ஒன்று ஏற்கப்பட்டது: முனையில் நிற்கும் சிவப்புச் சதுரம், செம்பளிங்கு என்பது அதன் பெயர். சிலுவையும் பிறையும் நீங்கவில்லை. விரும்புவோர் இதை ஏந்தலாம். பகுத்தறிவு மெல்லத்தான் நடக்கிறது; 1864இலிருந்து இங்கு வர 141 ஆண்டுகள்!

தோழர்களே, துணியிலே தெய்வீக ஆற்றல் ஏதுமில்லை. சுடாதே என்று மனிதர் கூடி எழுதிய சட்டமும், அதை மதிக்கும் மனமுமே அதன் ஆற்றல். ஆகையால்தான், அரசின் இசைவின்றி அக்குறியைப் பயன்படுத்துவது நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைப்பலகைக்கு அழகு சேர்க்க வந்த குறியன்று அது. கண்ட இடமெல்லாம் தீட்டினால் அதன் பொருள் மங்கும். பொருள் மங்கினால், களத்திலே துப்பாக்கி தாழாது. அதற்கு விலையாவது ஓர் உயிர். நம் தெருவிலிருந்தே அதைத் திருத்தத் தொடங்குவோம்!