காம்பில்லாத கோடரி

காட்டில் தனியே வாழ்ந்தவர்களின் நூல்களை நாம் பெரும்பாலும் அவற்றின் நடுப்பகுதியைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். பனி கொட்டும் இரவு, அடுப்பில் எரியும் விறகு, வெளியே ஓநாயின் குரல். அந்த மனிதர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார், எவ்வளவு மாவு கொண்டுபோனார், அது தீர்ந்தபோது யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பனவெல்லாம் வாசிப்பின் வேகத்தில் கடந்துபோய்விடுகின்றன. வான்மீகியில் இராமன் வனம் புகுமுன் ஒரு மண்வெட்டியும் ஒரு கூடையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதைக் கவனித்து நின்ற வாசகர் நம்மில் எத்தனை பேர்?

ரிச்சர்ட் ப்ரென்னகியின் வாழ்க்கையைக் கூறும் 'ஒன் மேன்ஸ் வில்டர்னெஸ்' நூலை முதன்முறை வாசித்தபோது நாமும் அப்படித்தான் வாசித்தோம். தனிமையைப் பற்றிய நூல் என்றே அதைக் கருதினோம். மறுவாசிப்பில்தான் அது ஏற்பாடுகளின் நூலாகவும் கண்ணில் பட்டது. அலாஸ்காவின் ஆளரவமற்ற ஏரிக்கரை ஒன்றில் ஒரு மனிதரால் முப்பது ஆண்டுகளுக்கு அருகே வாழ முடிந்ததற்கான விடை, அவர் அங்கே குடியேறுவதற்கு முந்தைய கோடையிலேயே இருக்கிறது.

ப்ரென்னகி 1916 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் தச்சராகச் சேர்ந்து, வாதக் காய்ச்சலால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். 1950 இல் அலாஸ்காவுக்கு வந்தார். டீசல் இயந்திரப் பழுதுபார்ப்பு, கனரக வாகனம் ஓட்டுதல் என்று கைத்தொழில்களிலேயே காலம் கழிந்தது. பற்றவைப்புப் பணியின்போது நேர்ந்த விபத்து ஒன்று ஏறத்தாழக் கண்பார்வையைப் பறித்துவிட்டது. பார்வை மீண்டபின், உரிய வயதுக்கு முன்னரே பணியிலிருந்து விலக முடிவு செய்தார். இச்செய்திகளை வெறும் பின்புலம் என்று தள்ளிவிட முடியாது. காட்டுக்குப் போனவர் ஒரு கவிஞரோ துறவியோ அல்லர். ஐம்பதைக் கடந்த, மரத்தையும் இரும்பையும் அறிந்த ஒரு தொழிலாளி.

ட்வின் லேக்ஸ் எனப்படும் இரட்டை ஏரிகளை அவர் முன்பே பார்த்திருந்தார். அங்கே மேல் ஏரியின் கரையில் கோடியாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் சொந்தமான சிறு மரக்குடில் இருந்தது. தம் வீட்டைக் கட்டி முடிக்கும்வரை அதில் தங்கிக்கொள்ள இசைவு பெற்றார். 1967 கோடையில் அங்கு சென்று, ஸ்புரூஸ் மரங்களைத் தேர்ந்து வெட்டி, பட்டை உரித்து, அடுக்கி உலர வைத்துவிட்டுத் திரும்பினார். பச்சை மரத்தில் சுவர் எழுப்பினால் அது உலரும்போது சுருங்கி இடைவெளி விடும், சுமப்பதும் கடினம். ஆகவே குடியேறும் ஆண்டுக்கு ஓராண்டு முன்னரே வீட்டின் வேலை தொடங்கிவிட்டது. 1968 மே மாதத்தில் அவர் அங்கே வந்திறங்கியபோது மரங்கள் காத்திருந்தன.

வந்திறங்கியது விமானத்தில். அப்பகுதிக்கு அன்றும் சாலை இல்லை, இன்றும் இல்லை. போர்ட் ஆல்ஸ்வொர்த் என்னும் ஏரிக்கரைக் குடியிருப்பை நிறுவிய பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானிதான் அவரையும் அவருடைய பொருள்களையும் கொண்டுவந்து சேர்த்தார். சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. கோடரி, வாய்ச்சி, துளையிடும் கருவி ஆகியவற்றில் பலவற்றை ப்ரென்னகி காம்பில்லாமல், இரும்புத் தலையை மட்டுமே எடுத்துவந்தார். காம்புகளை அங்கே கிடைத்த மரத்திலேயே செதுக்கிக்கொண்டார். இரும்பைக் காட்டில் செய்ய முடியாது, மரத்தைச் செய்யலாம். எதைச் சுமப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடையை நாம் வாசித்ததில்லை.

இந்தக் கணக்கே மற்றவற்றிலும் தொடர்ந்தது. மண்ணெண்ணெய் டின் போன்ற ஐந்து காலன் எரிபொருள் தகரங்களை வெட்டி மாவுப்பெட்டி, வாளி, தட்டு என்று மாற்றினார். கரண்டியும் கதவின் கீலும் தாழ்ப்பாளும் மரத்தாலானவை. கணப்படுப்புக்கு ஆற்றுக் கற்கள், கூரைமேல் பாசியும் புல்மண்ணும். அவற்றின் அடியில் மட்டும் கடையில் வாங்கிய தார்த்தாளும் பிளாஸ்டிக் தாளும். உள்ளளவில் சுமார் 11 அடிக்கு 15 அடி கொண்ட அந்தக் குடிலுக்கு, வெளியே இருந்து வாங்கிய பொருள்களுக்காக நாற்பது டாலருக்குச் சற்று மேல் செலவானது. மின்கருவி எதையும் அவர் பயன்படுத்தவில்லை. குடிலுக்கு அருகே உயரமான கால்களின் மேல் ஒரு பரண் கட்டி உணவைக் கரடிகளிடமிருந்து காத்தார். நம் ஊர்த் தினைப்புனப் பரணுக்கு இது தூரத்து உறவு எனலாம். அங்கே ஏறி அமர்வது மனிதர், இங்கே ஏறி அமர்வது அரிசியும் பீன்ஸும்.

இவற்றைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. மற்றக் கருவிகளைப் போல அதைப் படம் எடுத்துக் காட்ட முடியாது என்பதால் பலர் கவனிப்பதில்லை. அந்த ஏரியில் விமானம் கோடையில் மிதவைகளின் மேல் இறங்கும். குளிர்காலத்தில் உறைந்த பரப்பின்மேல் சறுக்குக் கட்டைகளால் இறங்கும். ஆனால் இலையுதிர் காலத்தில் ஏரி உறையத் தொடங்கும் வாரங்களிலும், வசந்தத்தில் பனிக்கட்டி உருகி உடையும் வாரங்களிலும் எதனாலும் இறங்க முடியாது. கால் ஊன்ற முடியாத பனி. மிதக்க முடியாத நீர். ஆண்டுக்கு இருமுறை கதவு சாத்தப்படும் ஒரு வீட்டைப் போன்றது அந்த நிலம். அந்த வாரங்களைக் கணக்கிட்டு, விமானி வருவதாகச் சொன்ன நாளில் வராமலும் போகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு உணவு வைத்திருக்க வேண்டும். ப்ரென்னகி ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்து அதன் பருமனை அளந்து எழுதிவந்தார். தட்பவெப்பத்தையும் எழுதினார். பாரன்ஹீட்டில் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும் குளிர் அது. அந்த நாட்குறிப்புகள் பின்னாளில் அறிவியலாளர்களுக்கும் பயன்பட்டன என்றாலும், எழுதியவருக்கு முதலில் அவை இருப்புக்கணக்கின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை அறிய இன்னொருவரைச் சொல்லவேண்டும். கார்ல் மெக்கன் என்ற புகைப்படக் கலைஞர் 1981 மார்ச் மாதம் அலாஸ்காவின் ப்ரூக்ஸ் மலைத்தொடரின் தெற்கு விளிம்பில், கோலீன் ஆற்றை ஒட்டிய ஓர் ஏரியருகே விமானத்தில் சென்று இறங்கினார். ஆகஸ்ட் வரை தங்கும் திட்டம். 500 படச்சுருள்கள், துப்பாக்கிகள், ஏறத்தாழ 1,400 பவுண்டு உணவுப் பொருள்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் ப்ரென்னகியைவிட வசதியான பயணம் என்றே தோன்றும். திரும்ப அழைத்துச் செல்ல வருமாறு விமானியிடம் உறுதியாகச் சொல்லி வைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. கோடையில், இத்தனை தோட்டாக்கள் எதற்கு என்று பெரும்பகுதியை ஆற்றில் வீசியிருந்தார். ஆகஸ்ட் கழிந்தும் விமானம் வரவில்லை. பிறகு காவல்துறை விமானம் ஒன்று அவருடைய முகாமின் மேல் வட்டமிட்டது. மகிழ்ச்சியில் அவர் கையை உயர்த்தினார். ஒரு கையை உயர்த்துவதற்கு, 'நலமாக இருக்கிறேன், உதவி தேவையில்லை' என்பது வானிலிருந்து பார்ப்பவரின் அகராதியில் பொருள். விமானம் போய்விட்டது. தம் வேட்டை உரிமத்தின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த சைகை விளக்கத்தை அவர் பின்னரே பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்தார். 1982 பிப்ரவரியில் உடலும், கடைசிவரை எழுதிய நாட்குறிப்பும் கண்டெடுக்கப்பட்டன.

இச்செய்தியை ஜான் கிராகவர் தமது 'இன்டூ தி வைல்ட்' நூலில் கூறுகிறார். அந்நூலின் நாயகனான கிறிஸ் மெக்கேண்ட்லெஸை 2007 இல் வெளிவந்த திரைப்படத்தின் வழியாக வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். 1992 ஏப்ரலில் டெனாலி தேசியப் பூங்காவின் எல்லையருகே, சுமார் நாலரைக் கிலோ அரிசியோடு காட்டுக்குள் நடந்தவர். ஜூலையில் திரும்ப முயன்றபோது டெக்லனிக்கா ஆறு பெருகி வழி மறித்தது. சிறிது தொலைவில் கையால் இழுத்துக் கடக்கும் கம்பித் தொட்டில் ஒன்று இருந்தது. நிலப்படம் அவரிடம் இல்லை. அவர் தங்கி இறந்த பழைய பேருந்தைக் காண வந்த இளைஞர்களில் 2010 இல் ஒருவரும் 2019 இல் ஒருவரும் அதே ஆற்றுப்பாதையில் மூழ்கி இறந்தனர். 2020 ஜூனில் அந்தப் பேருந்தை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்றுவிட்டார்கள். இறந்தவரை அறிவிலி என்று ஏசுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு படிமம் இன்னொரு உயிரைக் கேட்கும்போது அதை அழகு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவும் மனம் ஒப்பவில்லை.

படிமம் எப்படி உருவாகிறது என்பதற்கு ப்ரென்னகியின் நூலே சான்று. 1973 இல் வெளியான அதை எழுதியவர் அவருடைய நண்பர் சாம் கீத். ப்ரென்னகியின் நாட்குறிப்புகளை மூலமாகக் கொண்டு, தன்மைக் கூற்றில் அமைத்த நூல் அது. நடையின் மெருகு பெரும்பாலும் கீத்துடையது. ப்ரென்னகி தாமே 16 மில்லிமீட்டர் கருவியில் எடுத்த காட்சிகளைக் கொண்டு பின்னர் வந்த 'அலோன் இன் தி வில்டர்னெஸ்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரலும் அவருடையதன்று. பூங்காவின் வரலாற்றாசிரியர் ஜான் பிரான்சன் பதிப்பித்த நாட்குறிப்புகளைத் திறந்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார். விமானங்கள் வருகின்றன, விருந்தினர் வருகின்றனர், கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வருகின்றன, அவர் சளைக்காமல் பதில் எழுதுகிறார். வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குப்பையைப் பொறுக்கியபடி புலம்புகிறார். இந்த மனிதரே நமக்கு அதிகம் பிடித்துப்போகிறார். தனியே இருக்கத் தெரிந்தவர் உறவுகளைப் பேணவும் தெரிந்தவராக இருந்தார்.

பதினாறு மாதங்கள் தங்கியபின் பொருள்கள் வாங்கவும் உறவினரைக் காணவும் 1969 இல் ஊருக்குப் போன ப்ரென்னகி அடுத்த வசந்தத்தில் திரும்பினார். அவர் குடியேறியபோது அது தேசியப் பூங்கா அன்று. 1978 இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1980 டிசம்பர் 2 அன்று அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட அலாஸ்கா நிலச் சட்டத்தின்படி லேக் கிளார்க் தேசியப் பூங்காவும் காப்பிடமும் உருவாயின. ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர், தமிழ்நாட்டின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. ஒரு மனிதரைச் சுற்றிப் பூங்கா வந்து சேர்ந்தது. அதிகாரிகள் அவரை அகற்றவில்லை. தன்னார்வலராகவும் தகவல் தருபவராகவும் ஏற்றுக்கொண்டனர்.

அவருக்கு முன்பும் அது யாருமற்ற நிலமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெனாயினா மக்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். லேக் கிளார்க் ஏரிக்கு அவர்கள் மொழியில் 'மக்கள் கூடும் ஏரி' என்று பொருள்படும் பெயர் உண்டு. கிஜிக் என்ற அவர்களுடைய பழைய ஊர், கொள்ளைநோய்கள் தாக்கியபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. எஞ்சியோர் நோண்டால்டனில் குடியேறினர். அந்தக் கிஜிக்கிலிருந்து வடக்கே டெலக்குவானா ஏரிக்குச் செல்லும் அவர்களது தொன்மையான நடைவழி, இரட்டை ஏரிகள் இருக்கும் பகுதியினூடேதான் போகிறது. உலர்த்திய மீன், குளிர்காலச் சேமிப்பு, எந்தப் பருவத்தில் எங்கே இருப்பது என்ற முறை, இவையெல்லாம் ஒரு முழுச் சமூகத்தின் நினைவில் இருந்த திட்டங்கள். ப்ரென்னகி தம் ஒருவருக்காகத் தாளில் எழுதி வகுத்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அப்பகுதியின் ஊரக மக்கள் பிழைப்புக்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் 1980 ஆம் ஆண்டின் சட்டம் இடம் வைத்தது. அமெரிக்கப் பூங்காக்களின் பழைய வரலாற்றோடு ஒப்பிடுகையில் இது சிறிய செய்தியன்று.

எண்பதைத் தாண்டியபின் குளிர்காலங்கள் கடினமாயின. 1999 அளவில் ப்ரென்னகி கலிபோர்னியாவில் தம்பியின் வீட்டுக்குச் சென்றார். 2003 ஏப்ரலில் அங்கே காலமானார். குடிலைப் பூங்காவிடம் விட்டுச் சென்றிருந்தார். 2007 இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கோடையில் பார்வையாளர்கள் வருகிறார்கள், மரத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். போக விரும்புவோர் இப்போதும் முதலில் செய்யவேண்டியது மிதவை விமானம் ஒன்றைப் பேசி வைப்பதுதான், திரும்பி வருவதற்கான நாளையும் சேர்த்து.