குடாநாட்டிற் கோச்சியின் குரல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சமதரையும் பனங்கூடலும் வயலும் கடல்நீரேரியுமே உள. ஆதலின் இங்கு எழும் ஒலி தடையின்றி நெடுந்தூரம் செல்லும். இரவில் நிலத்தையடுத்த காற்றுக் குளிர்ந்துவிட, மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தரையை நாடும். பகல்வண்டியின் ஊதலைவிட இரவுத் தபால்வண்டியின் ஊதல் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் எட்டியதன் காரணம் இதுவே.

அவ்வொலியைக் குடாநாடு முதன்முதற் பெற்றது 1902ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி. அன்று காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து நேரே வண்டி வந்து சேர்ந்ததோ 1905 ஆகஸ்ட் 1ஆந் திகதியே. ‘கோச்சி’ என மக்கள் அழைத்த அவ்வண்டியின் கூவல், கொதிநீராவி வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பில் மோதிப் பிறப்பது. வயலில் நிற்பவனுக்கு அது மணிக்கூடாகவும் பயன்பட்டது.

1954இற் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அன்பளித்த டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேட்டா எனக் கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கி வந்தன. 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியையும் இவ்வினத்து எஞ்சின்கள் இழுத்தன. டீசல் எஞ்சினில் நீராவி இல்லை. அமுக்கப்பட்ட காற்று மெல்லிய தகடொன்றை அதிரச் செய்ய, குழல் முழங்கும். ஒற்றைக் குழலின் முழக்கத்தை லொறியின் ஒலியென மயங்கி வட அமெரிக்காவிற் பலர் கடவைகளில் விபத்துக்குள்ளாயினர். கனடாவின் இராபர்ட் சுவான்சன் பல குழல்கள் ஒருங்கே இசைக்கும் ஊதலை அமைத்தது, நீராவி வண்டியின் பழகிய குரலை மக்கள் செவிக்கு மீட்டுத் தருவதற்கேயாகும்.

குடாநாட்டில் நேர்ந்ததோ வேறு. 1990 ஜூனில் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இற் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியபோது, அவ்வூதலை ஒருமுறையேனும் கேளாத தலைமுறையொன்று வளர்ந்து முடிந்திருந்தது. பாதை ஒழுங்கையாகவும் மேய்ச்சல் தரையாகவும் பழகிவிட்டிருந்தது. காவலற்ற கடவைகளில் உயிர்கள் பலியாயின. ஒலி இருந்தும், அதன் பொருளை அறிந்த செவி இல்லை.

இன்று இளைஞர் பலர் நாவற்குழியிலும் ஆனையிறவிலும் படக்கருவியுடன் காத்து நின்று, வரும் எஞ்சின் எவ்வகையினது என்பதை ஊதலைக் கொண்டே வாதிடுகின்றனர். இதனை வீண்பொழுதுபோக்கு என்பார் உளர், அது சரியன்று. பழைய நிழற்படமொன்றிலிருந்து யாழ்தேவியின் உருவத்தைப் பெறலாம், குரலைப் பெற இயலாது. திகதியும் இடமும் குறித்து இவர்கள் சேர்ப்பவை நாளைய வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகும். ஆயின் அவர்கள் நிற்கவேண்டிய இடம் தண்டவாளத்தின் ஓரமன்று. வேலிக்கு அப்பாலுள்ள வயல்வரம்பே. ஆனையிறவின் திறந்த வெளியில் வண்டி தெரியுமுன்னரே அதன் குரல் அங்கு வந்துசேரும்.