மேல் மூச்சுவழித் தசைகள் (குறட்டை, உறக்க மூச்சுத்தடை)

மூக்கின் பின்புறத்துக்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கும் தசைகள், இருபதுக்கும் மேற்பட்டவை. மூக்குக்கு எலும்புச் சுவரும் மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்களும் உண்டு. தொண்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. விழுங்கும்போது மூடவும், பேசும்போது வடிவம் மாறவும், மூச்சிழுக்கையில் திறந்திருக்கவும் வேண்டிய இடம் அது. தூக்கத்தில் தசைகள் தளர்ந்து வழி குறுகும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்வதே குறட்டை. வழி அடைபட்டுப் பத்து நொடியாவது காற்று நின்றால் மூச்சுத்தடை.

மருத்துவர்களின் கவனத்துக்குத் தசை தாமதமாகவே வந்தது. 1956இல் பர்வெல் தலைமையிலான அமெரிக்க மருத்துவர்கள், டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் பருத்த பையனை மனத்தில் வைத்து ‘பிக்விக்கியன் நோய்க்குறி’யைப் பற்றி எழுதினர். பழி பருமன்மேல் விழுந்தது. தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதை 1965இல் பிரான்சில் காஸ்டோ குழுவினரும் ஜெர்மனியில் யுங், குலோ இருவரும் தனித்தனியே பதிவுசெய்தனர். 1969இல் குலோ குழுவினர் நோயாளியின் கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளையிட்டுச் சிகிச்சை அளித்தனர். அடைப்பு இருப்பது தொண்டையில்தான் என்பது அதில் தெளிவாயிற்று.

அடைக்கும் தருணத்தில் அங்கே நடப்பதைக் காட்டியது 1978இல் ரெம்மர்ஸ் குழுவினரின் ஆய்வு. அவர்கள் கவனித்த தசை ஜீனியோகுளாசஸ்: கீழ்த்தாடையின் உட்புற நடுவிலிருந்து விசிறியாக விரிந்து நாக்கினுள் பரவி, அதை முன்னுக்கு இழுப்பது. இதன் மின்னியக்கம் அடங்கியபோது வழி அடைத்தது. நோயாளி விழிப்புக்கு வந்து அந்த மின்னியக்கம் மேலெழுந்தபோது வழி திறந்தது. அப்படியானால் தசை பலவீனமானதா? இல்லை. இந்நோயாளிகள் விழித்திருக்கையில் அதே தசை மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலாக உழைப்பதை 1992இல் மெஸனாட், டாஞ்செல், வைட் மூவரும் காட்டினர். குறுகிய வழியைப் பகலெல்லாம் தாங்கும் தசை, தூங்கியதும் அந்தக் கூடுதல் உழைப்பை இழக்கிறது.

இதைவிட முக்கியமானது சுவீடனில் நடந்த திசு ஆய்வு. ஆரோக்கியமான தசையில் வேக இழைகளும் மெது இழைகளும் கலந்து கிடக்கும். 1992இலும் 1998இலும் வெளியான ஆய்வுகளில் நோயாளிகளின் மெல்லண்ணத் தசையில் ஒரே வகை இழைகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்திருந்தன. நரம்பு முனை சிதைந்து, பக்கத்து நரம்பு அந்த இழைகளை எடுத்துக்கொண்டதன் தடயம் இது. ஆண்டுக்கணக்கான குறட்டை அதிர்வு நரம்பையும் தசையையும் காயப்படுத்துகிறது என்பது இந்த ஆய்வாளர்களின் கருத்து. உள்நாக்குத் தசையை ஆராய்ந்த கனடாவின் செரியேஸ், அதில் வேக இழைகள் மிகுந்திருப்பதைக் கண்டார். கூடுதல் உழைப்புக்குத் தசை பழகிக்கொண்டதாகவும் அதைக் கொள்ளலாம். காயம், பழகுதல் இரண்டும் ஒரே தசையில் நடக்கக்கூடியவையே.

1981இல் சிட்னியின் காலின் சல்லிவன் மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தி வழியைத் திறந்து வைத்தார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. டெட்ராய்ட்டின் ஃபுஜிதா அதே ஆண்டு மெல்லண்ணத் திசுவைக் குறைக்கும் அறுவையை வெளியிட்டார். தசையையே பயிற்றுவிக்கும் எண்ணம் பின்னால் வந்தது. 2006இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ குழலை நான்கு மாதம் ஊதியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்தது. நாக்கை இயக்கும் நரம்பைத் தூண்டும் பொருத்துக் கருவிக்கு 2014இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது; அதன் முக்கிய ஆய்வில் 126 பேரின் இடைநிலை மூச்சுத்தடை எண் மணிக்கு 29.3லிருந்து 9.0 ஆக இறங்கியது.

உரத்த குறட்டையை ‘அசந்த தூக்கம்’ என்று விட்டுவிடக் கூடாது. நடுநடுவே மூச்சு நிற்பதை அருகில் படுப்பவர் கண்டால், ஒரே ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனைக்காவது குறட்டை விடுபவரை அழைத்துச் செல்லுங்கள்.